அன்றைக்கு ‘போதும்’ என்றது உங்களுக்குக் கேட்டது, தம்பி

கேள்வி: மேடம், எனக்கு வயது 34. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். கல்யாணமாகி ஐந்து வருடம், பையனுக்கு ஒன்றேகால் வயது, இன்னும் தாய்ப்பால் குடிக்கிறான். அப்பா, அம்மாவும் எங்களோடுதான் இருக்கிறார்கள். பையன் பிறந்த பிறகு என் மனைவி உறவுக்குச் சம்மதித்து வந்துவிட்டு, பாதியில் ‘போதுங்க, வேண்டாம்’ என்று சொல்லிவிடுகிறாள். நாலைந்து தடவை நிறுத்தியிருக்கிறேன். கோபம் வரும், திரும்பிப் படுத்துக்கொள்வேன். கல்யாண நாளுக்குப் பையனை அம்மாபேட்டையில் மாமியாரிடம் விட்டுவிட்டு, ஏற்காட்டில் 4,800 ரூபாய்க்கு ரூம் போட்டு ஒரு ராத்திரி தங்கினோம். அன்றைக்கும் பாதியில் போதும் என்றாள். இவ்வளவு செலவு பண்ணி வந்திருக்கிறோம், இன்னும் ஒரு நிமிடம்தானே என்று நான் நிறுத்தவில்லை. அவளும் அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை, தடுக்கவும் இல்லை. மறுநாள் காரில் மலை இறங்கும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். இரண்டு மாதமாகப் பையனை எடுத்துக்கொண்டு ஹாலில் என் அம்மா பக்கத்தில் படுக்கிறாள். நண்பர்களிடம் பொதுவாகக் கேட்டால், ‘கட்டின பொண்டாட்டிகிட்ட என்னடா பர்மிஷன்’ என்று சிரிக்கிறார்கள். முதலில் சரி என்று சொன்னவள்தானே? நான் செய்தது தப்பா? ஆம்பளையால் பாதியில் நிறுத்த முடியுமா, உடம்புக்குக் கெடுதல் இல்லையா? அவளை எப்படிச் சரி பண்ணுவது? இந்தக் கேள்வியையும் உங்கள் பதிலையும் அவளிடம் காட்டலாமா?

பெயர் வேண்டாம், சேலம்.

பதில்: தம்பி, தப்புதான். வேண்டாம் என்று சொன்ன பிறகும் தொடர்ந்தது வன்முறை. இந்தச் சொல் சுருக்கென்று தைக்கும் என்று தெரியும். நான் கை ஓங்கவில்லையே, கத்தவில்லையே என்று உங்களுக்குத் தோன்றும். ஆனால் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஒரு வார்த்தை பேசாமல் இறங்கி வந்த பெண்ணுக்கு அன்று ராத்திரி நடந்ததைச் சொல்ல வேறு எந்தச் சொல் பொருந்தும்?

ஒரு விஷயத்துக்காக உங்களை மதிக்கிறேன். அவள் சொன்னது காதில் விழவில்லை, விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன் என்றெல்லாம் எழுதித் தப்பித்திருக்கலாம். நீங்கள் அப்படி எழுதவில்லை. கேட்டது, நிறுத்தவில்லை என்று உள்ளதை எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்திலிருந்துதான் மேற்கொண்டு பேச முடியும்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. ரூம் வாடகை எவ்வளவு என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனைவி ஏன் போதும் என்றார், வலித்ததா, எங்கே வலித்தது என்று ஒரு வரிகூட இல்லை. குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரிந்திருந்தால் எழுதியிருப்பீர்கள். தெரியவில்லை, ஏனென்றால் இத்தனை மாதத்தில் கேட்கவே இல்லை.

முதலில் சரி என்றாளே என்கிறீர்கள். உங்கள் தொழிலில் ஆர்டர் கொடுத்து, அட்வான்சும் கைமாறிவிட்டால் பேச்சு மாறக் கூடாது, நியாயம்தான். உடம்பு விஷயத்தில் அட்வான்ஸ் கிடையாது தம்பி. பசிக்கிறது என்று பந்தியில் உட்கார்ந்தவர் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடினால் என்ன செய்வோம்? இன்னும் கொஞ்சம் ரசம் போடட்டுமா என்று ஒரு தடவை கேட்போம். வேண்டாம் என்றால் விட்டுவிடுவோம். உட்காரும்போது பசி என்றீர்களே என்று வாயைப் பிடித்து ஊட்ட மாட்டோம். உங்கள் மனைவி சரி என்று சொன்னது அந்த நேரத்து உடம்புக்கும் அந்த நேரத்து மனசுக்கும். பத்து நிமிடத்தில் இரண்டும் மாறலாம். மாறினால் சொல்லலாம். சொன்னால் அங்கேயே நின்றுவிட வேண்டியதுதான். காரணம் இருந்தாக வேண்டும் என்றுகூட இல்லை.

தடுக்கவும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வாக்கியத்தில் நீங்கள் கொஞ்சம் ஆறுதல் தேடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அது ஆறுதல் தரக்கூடியது இல்லை. பயம் வந்தால் எல்லோரும் கத்தி, தள்ளி, எழுந்து ஓட மாட்டார்கள். சிலருக்கு உடம்பு அப்படியே உறைந்துபோகும், குரல் வராது, கையைத் தூக்க முடியாது. மூளை தானாகச் செய்கிற வேலை அது. ‘மரக்கட்டை மாதிரி கிடந்தேன் டாக்டர்’ என்று இதே வார்த்தைகளில் என்னிடம் சொன்ன பெண்கள் பலர். உங்கள் மனைவியும் சொன்ன சொல்லுக்கு மதிப்பில்லை என்று தெரிந்ததும் முடியட்டும் என்று காத்திருந்திருக்கிறார். சம்மதித்து இருப்பதும் இதுவும் ஒன்று இல்லை.

அடுத்து நண்பர்களுடைய ஜோக். கட்டின பொண்டாட்டியிடம் பர்மிஷன் எதற்கு என்பது நம் முன்னோர் சொல்லிவைத்த தர்மம் மாதிரி பேசப்படுகிறது. அதைச் சட்டமாக எழுதிவைத்த வரலாறு வேறு. மேத்யூ ஹேல் என்று 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஒரு நீதிபதி இருந்தார். கல்யாணத்தோடு பெண் தன்னைக் கணவனுக்கு ஒப்புக்கொடுத்துவிட்டாள், அதை அவள் திரும்பப் பெற முடியாது என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். அவர் செத்து அறுபது வருடம் கழித்து, 1736இல் அது அச்சானது. அந்த நினைப்புதான் வெள்ளைக்காரன் 1860இல் நமக்குப் போட்டுக்கொடுத்த தண்டனைச் சட்டத்தில் விதிவிலக்காக வந்து உட்கார்ந்தது. இங்கிலாந்து நீதிமன்றமே 1991இல் அதைத் தூக்கிப் போட்டுவிட்டது. ஆரம்பத்தில் சம்மதம் இருந்து, நடுவில் வேண்டாம் என்று தெரிந்த பிறகும் தொடர்ந்தால் அதுவும் வல்லுறவுதான் என்று, நியூசிலாந்திலிருந்து போன ஒரு வழக்கில் அன்று அந்த நாட்டுக்கும் மேல்முறையீட்டு நீதிமன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1984இலேயே சொல்லிவிட்டது. கணவனுக்கான அந்த விதிவிலக்கை நாம் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

அந்தப் பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்து, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவும், மனைவிக்கு 18 வயது நிரம்பியிருந்தால் கணவன் செய்வதை வல்லுறவு என்று சொல்வதில்லை. (பிரிந்து வாழும் மனைவி என்றால் கதை வேறு: 67ஆம் பிரிவில் இரண்டு வருடம் முதல் ஏழு வருடம் வரை.) ஆனால் உடம்பால் எதிர்க்கவில்லை என்பதை மட்டும் வைத்துச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அதே 63ஆம் பிரிவு விளக்கம் தருகிறது. மேலே நான் சொன்னதைத்தான் சட்டமும் தன் பாஷையில் சொல்கிறது. கணவன்மாருக்குத் தரப்பட்ட விலக்கு செல்லுமா என்ற வழக்கில் 2022 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொன்னார்கள், விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அதே வருடம் செப்டம்பரில், கருக்கலைப்புச் சட்டத்தைப் பொறுத்தவரை கணவனால் நடந்தாலும் அது வல்லுறவுதான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2005ஆம் வருடத்துக் குடும்ப வன்முறைச் சட்டத்திலோ குழப்பமே இல்லை. மனைவியைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்துவது வன்முறை, அவர் புகார் கொடுக்கலாம். உங்கள் நண்பர்கள் சிரிக்கிற அளவுக்கு இது லேசான சமாசாரம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். ஜெயிலுக்குப் போகாமல் தப்பிக்க முடியுமா என்று கணக்குப் போட்டு நடத்துகிற குடும்பம் நமக்கு வேண்டாம்.

சரி, நிறுத்த முடியுமா? உங்கள் வீட்டையே எடுத்துக்கொள்வோம். ஹாலில் அம்மா அப்பா, உள்ளே நீங்கள், நடுவில் ஒரு மரக்கதவு. அந்த நேரத்தில் அம்மா கதவைத் தட்டி, ‘அப்பாவுக்கு நெஞ்சு வலிக்குதாம்டா’ என்றால் எத்தனை விநாடியில் வெளியே வருவீர்கள்? தொட்டிலில் பையன் வீறிட்டு அழுதால்? ஒரு நிமிடம் இருடா என்றா சொல்வீர்கள்? நிறுத்தும் திறமை உங்களிடம் இருக்கிறது. யார் சொன்னால் நிறுத்துவது என்பதில் மனைவிக்கு இடம் தரவில்லை, அவ்வளவுதான். பட்டறையில் பற்றவைக்கும்போது தீ ஒரு இழை அதிகமானால் கை தானாகப் பின்னால் வருகிறது இல்லையா? பத்து கிராம் வெள்ளிக்கு இருக்கிற அந்தக் கவனத்தைத்தான் கேட்கிறேன்.

உடம்புக்குக் கெடுதலா என்று கேட்டால், இல்லை. பாதியில் நின்றால் சிலருக்கு விரையில் கனமாக, லேசாக வலிக்கிற மாதிரி இருக்கும். அங்கே சேர்ந்த ரத்தம் வடிய எடுத்துக்கொள்ளும் நேரம்தான் அது, கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கிவிடும். பொறுக்க முடியவில்லை என்றால் பாத்ரூமில் சுய இன்பம் செய்துகொள்ளலாம், அதிலும் கெடுதல் இல்லை. நரம்பு தளராது, ஆண்மை குறையாது. சுவர் சுவராக விளம்பரம் பார்த்து வளர்ந்த நம் ஊர்ப் பையன்களுக்கு இந்தப் பயம் இருப்பதில் ஆச்சரியமே இல்லை, போகட்டும்.

இனிமேல்தான் எனக்கு முக்கியம் என்று படுகிற இடம். ஏற்காட்டுக்கு முன்னால் நாலைந்து தடவை நிறுத்தினேன் என்கிறீர்கள். நிறுத்தினீர்கள், ஒப்புக்கொள்கிறேன். அதற்கப்புறம் என்ன நடந்தது? திரும்பிப் படுத்தீர்கள். மறுநாள் காலையில் காபி டம்ளரை வாங்கும்போது முகத்தைப் பார்த்தீர்களா? பட்டறைக்குக் கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போனீர்களா? மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தீர்களா, வெளியிலேயே முடித்துக்கொண்டீர்களா? நீங்கள் எழுதவில்லை. ஆனால் இந்தக் கதையின் மறு பக்கத்தை மனைவிமார் வாயால் நிறையக் கேட்டிருக்கிறேன். ‘வேண்டாம்னு சொன்னா ரெண்டு நாள் பேச மாட்டார் டாக்டர், அதுக்குப் பேசாம இருந்துடலாம்னு தோணும்’ என்பார்கள். ஒவ்வொரு போதும் என்ற சொல்லுக்கும் இரண்டு நாள் மௌனம் வட்டியாக வந்தால் அந்தச் சொல்லை எத்தனை தடவை சொல்ல முடியும்? பயந்துகொண்டே ‘சரி’ என்பார்கள், தாங்க முடியாத கட்டத்தில் ‘போதும்’ என்பார்கள். சம்மதித்துவிட்டுப் பாதியில் மாறுகிறாள் என்று உங்களுக்குத் தெரிவதில் சில தடவை ஆரம்பச் சம்மதமே முழுசாக இல்லாமல் இருந்திருக்கலாம்.

நிறுத்தியதும் வருகிற ஐந்து நிமிடம் இருக்கிறதே, அதுதான் ஒரு வீட்டின் தாம்பத்தியத்தையே தீர்மானிக்கிறது என்று பல வருடமாகச் சொல்லிவருகிறேன். போதும் என்றால் உடனே விலகுங்கள். ‘சரிம்மா’ என்று வாயால் சொல்லுங்கள். மனசுக்குள் சொன்னால் இருட்டில் தெரியாது. போர்வையை எடுத்துப் போர்த்துங்கள், சொம்புத் தண்ணீரை நீட்டுங்கள். ஏன், என்னாச்சு, நான் என்ன பண்ணினேன் என்று விசாரணை அப்போதே வேண்டாம். வலிக்குதா என்று ஒரு தடவை கேட்கலாம். உங்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும், இருக்கட்டும், அது இயற்கை. அந்த ஏமாற்றத்தைத் தூக்கி அவர் தலையில் வைக்காதீர்கள். காலையில் எப்போதும்போலக் காபி, எப்போதும்போலப் பேச்சு. போதும் என்று சொன்னால் நிஜமாகவே நின்றுவிடும், அதற்கு அபராதமும் இல்லை என்று உடம்புக்குத் தெரிந்த பிறகுதான் பயமில்லாமல் ஒரு சரி வரும். இப்போது உங்கள் கை பட்டாலே அது எங்கே போய் முடியுமோ என்று அவர் நினைப்பார். ஒரு வளைவு ஏறிவிட்டால் உச்சிவரை போய்த்தான் திரும்ப வேண்டும் என்ற பாதையில் யாரும் விருப்பமாக ஏற மாட்டார்கள்.

மருத்துவராக ஒன்று. நேரில் பார்க்காமல் இதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஒன்றேகால் வயதுக் குழந்தைக்குப் பால் கொடுக்கிற தாய் என்றதும் எனக்குச் சில விஷயங்கள் தோன்றின. தாய்ப்பால் கொடுக்கும் மாதங்களில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் சுரப்பு குறைந்திருக்கும். பிறப்புறுப்பு வறண்டுபோகும், தோல் மெலிந்திருக்கும். ஆசை இருந்தாலும் ஈரம் வராது. ஆரம்பத்தில் பொறுத்துக்கொள்ளலாம் போலிருக்கும், கொஞ்ச நேரத்தில் சிராய்ப்புக் காயத்தில் துணி உரசுவதுபோல எரியும். பிரசவத்தில் தையல் போட்டிருந்தால் அந்தத் தழும்பில் இழுக்கும். இரண்டு மூன்று தடவை வலித்துவிட்டால் அடுத்த தடவை இடுப்புத் தசை தானாகவே இறுகிக்கொள்ளும், இறுகினால் இன்னும் வலிக்கும். பாதியில் போதும் என்று சொல்ல இது தாராளமாகப் போதும்.

ஏற்காட்டு ராத்திரியை யோசித்துப் பார்க்கிறேன். பையன் அம்மாபேட்டையில். வழக்கமாக ராத்திரி பால் குடிக்கிற பிள்ளை அன்று பக்கத்தில் இல்லை. பத்து, பதினொரு மணிக்கெல்லாம் மார்பில் பால் கட்டிக்கொண்டு கல் மாதிரி ஆகியிருக்கும். கை பட்டாலே உயிர் போகும், மேலே பாரம் விழுந்தால் கேட்கவே வேண்டாம். உங்களுக்கு அது தேனிலவு மாதிரி, அவருக்குப் பிள்ளையைப் பிரிந்து வந்த முதல் ராத்திரி. மறுநாள் காலை பாத்ரூமில் நின்று பாலைப் பீய்ச்சி விட்டிருப்பார். நைட்டியின் முன்பக்கம் நனைந்திருந்ததைக் கவனித்தீர்களா? இப்படித்தான் நடந்தது என்று சொல்லவில்லை. இதெல்லாம் சாதாரணமாக நடக்கிறவை, உங்களுக்குத் தோன்றவே இல்லை என்கிறேன்.

இவற்றுக்கு வைத்தியம் உண்டு. தண்ணீர் அடிப்படையிலான வழவழப்பு ஜெல் மருந்துக் கடையிலேயே கிடைக்கும். ஆணுறை பயன்படுத்துகிறவர்கள் தேங்காய் எண்ணெய் தடவக் கூடாது, ரப்பர் நைந்து கிழிந்துவிடும். தழும்பு வலி, தசை இறுக்கம் இரண்டையும் மகப்பேறு மருத்துவர் பார்த்துச் சரி செய்யலாம், பயிற்சிகள் இருக்கின்றன. அடுத்த பிள்ளை தங்கிவிடுமோ என்ற பயமும் பாதியில் வரும். பால் கொடுத்தால் தங்காது என்று மாமியார்கள் சொல்வது முதல் ஆறு மாதத்துக்கு, அதுவும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து மாதவிலக்கும் வராமல் இருந்தால்தான் பொருந்தும். உங்கள் பையன் அந்த வயதைத் தாண்டி ரொம்ப நாள் ஆகிறது. அப்புறம் ஹாலில் மாமியார் இருமுகிற சத்தம் கேட்கிற ரூமில் ஒரு பெண்ணுக்கு மனசு எப்படி லேசாகும் என்பதையும் யோசியுங்கள். பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆனால் ஜெல் வாங்கிக்கொண்டு போய் இன்றைக்கே நீட்டாதீர்கள். முதல் வேலை வேறு.

அவளை எப்படிச் சரி பண்ணுவது என்று கேட்டிருக்கிறீர்கள். சரி பண்ண வேண்டியது அவரை இல்லை. மன்னிப்புக் கேளுங்கள். ராத்திரியில் வேண்டாம், படுக்கை பக்கத்தில் வேண்டாம், அம்மா காதில் விழும்படி வேண்டவே வேண்டாம். மொட்டை மாடியில் துணி காயப்போடப் போகும்போது பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு கூடப் போங்கள். ‘அன்னைக்கு ஏற்காட்டுல நீ போதும்னு சொன்னே. எனக்குக் கேட்டுச்சு. கேட்டும் நான் நிறுத்தல. தப்பு பண்ணிட்டேன்.’ இவ்வளவு போதும். ‘ஆனா’ என்று ஒரு சொல் வந்தால் எல்லாம் வீண். குடித்திருந்தேன், ஆசையாக வந்தேன், செலவு பண்ணினேன் எதுவும் வேண்டாம். மன்னிச்சிட்டியா என்று அங்கேயே பதில் கேட்டு நிற்காதீர்கள். அவர் அழலாம், திட்டலாம், ஒன்றும் சொல்லாமல் அடுத்த துணியை உதறிப் போடலாம். கொலுசு கொண்டுபோய்க் கொடுத்துச் சமாதானம் பண்ணாதீர்கள், உங்கள் கையில் சரக்கு இருப்பதால் சொல்கிறேன். அதைக் காலில் போட்டுக்கொண்டு நடக்கிற ஒவ்வொரு தடவையும் அவருக்கு எது ஞாபகம் வரும்?

ஹாலிலிருந்து எப்போது உள்ளே வருவாய் என்று கேட்காதீர்கள். எத்தனை நாள் ஆகும் என்று நான் சொல்ல முடியாது. வந்த பிறகும் தூங்குவதற்கு மட்டும் வந்திருக்கலாம். உறவு என்பது அவராக ஆரம்பித்தால்தான் என்று கொஞ்ச காலம் வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஆரம்பிக்கவே இல்லை என்றால்? வருத்தப்படலாம், மனசு விட்டுப் பேசலாம், இருவரும் ஆலோசனைக்கு வரலாம், ஒத்தே வராது என்று கடைசியில் பிரியவும் வழி இருக்கிறது. அவர் உடம்பை எடுத்துக்கொள்ள மட்டும் வழி கிடையாது.

இங்கிருந்து உங்கள் மனைவிக்கு. அம்மா, நீங்கள் சொன்னது சரியாகத்தான் கேட்டிருக்கிறது, குறை உங்கள் குரலில் இல்லை. மறுபடி இப்படி நடந்தாலோ, யாரிடமாவது பேச வேண்டும் என்று தோன்றினாலோ 181 என்ற எண்ணை எந்த நேரத்திலும் கூப்பிடலாம், காசு கிடையாது. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். போலீஸ் ஸ்டேஷன் ஏறாமலே அவரிடம் பேசலாம். கணவரைப் பிரிய வேண்டும் என்று முடிவு செய்தால்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. வலி இருந்தால் ஒரு பெண் மருத்துவரைத் தனியாகப் பாருங்கள்.

இதைக் காட்டலாமா என்று கேட்டீர்களே தம்பி, காட்டலாம். மாடியில் நீங்கள் உங்கள் வாயால் சொன்ன பிறகு. முன்னாலேயே போனை நீட்டி ‘டாக்டர் என்னமோ எழுதியிருக்காங்க, படி’ என்றால், சொல்ல வேண்டியதை என் தலையில் கட்டிவிட்டுத் தப்பிக்கிறீர்கள் என்று அர்த்தம். இரண்டு பேருமாக என்னிடமோ வேறு மருத்துவரிடமோ வருவதானால், முதல் பதினைந்து நிமிடம் நீங்கள் பையனை வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார வேண்டியிருக்கும். பால் நேரம் பார்த்து வாருங்கள், பசியில் அழுதால் உங்களால் சமாளிக்க முடியாது.